கனரக வாகன டிஸ்க் பிரேக் காலிப்பர்: பேரிங்குகளைப் பராமரிப்பதும் மாற்றுவதும்

நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளில் வேலை பழகியவர்களுக்கு பிரேக் என்றால் டிரம், ஷூ, ஸ்லாக் அட்ஜஸ்டர். லாரிகளில் இன்றும் பெரும்பாலும் அதுதான். வால்வோ, ஸ்கேனியா மல்டி ஆக்சில் பஸ்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் எல்லாச் சக்கரத்திலும் ஏர் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளை நாங்கள் கையில் தொட்டோம். டிஸ்க்கும் பேடும் சீக்கிரம் பழகிவிட்டன. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பேரிங்குகள் மட்டும் பலருக்கு இன்னும் பழகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், காலிப்பர் இறுகி, ஹப் சூடாகி, புகை வந்த பிறகுதான் அவற்றின் நினைவே வருகிறது.

ஒரு பஸ்ஸை இங்கே சொல்ல வேண்டும். பின் ஆக்சில் வலது காலிப்பரில் பேரிங் போய்விட்டதென்று வேறோர் இடத்தில் கிட் வாங்கிப் போட்டிருந்தார்கள். நான்கே மாதத்தில் அதே சக்கரம், அதே புகார், இந்த முறை எங்கள் பட்டறையில். பிரித்தால், புது பேரிங் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. பேடைத் தள்ளும் டாப்பெட்டின் ரப்பர் பூட்டை, அதாவது தண்ணீரும் தூசியும் புகாமல் மூடும் மடிப்பு உறையை, திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல், ஓரமெல்லாம் கறுத்துப்போன பழைய கிழிசல். பேரிங்கை மாற்றியிருக்கிறார்கள், தண்ணீர் வந்த வழியை அப்படியே விட்டிருக்கிறார்கள். காலிப்பர் பேரிங் வேலையில் பாதி, அந்த வழியைத் தேடுவதுதான். இந்த வழிகாட்டியில் ரப்பரைப் பற்றி அடிக்கடி சொல்லப்போவதும் அதனால்தான்.

எங்கே, என்னென்ன பேரிங்

இரண்டு இடங்களைத் தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கைடு பின் புஷ்கள். காலிப்பர் ஆக்சிலோடு அசையாமல் கட்டப்பட்ட பாகம் கிடையாது. கேரியர்தான் ஆக்சிலில் போல்ட் போட்டு நிற்கிறது. காலிப்பர் இரண்டு கைடு பின்கள்மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போய்வர வேண்டும். காற்று உள்பக்கம் மட்டும்தான் தள்ளுகிறது. உள் பேட் டிஸ்க்கில் அழுந்தியதும் காலிப்பர் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளி பேடை இழுத்து அழுத்துகிறது. ஜெர்மன் பிரேக் தயாரிப்பாளரான நார்-பிரெம்ஸின் எஸ்பி, எஸ்என் வகையை எடுத்துக்கொண்டால், நீளமான பின் பித்தளை புஷ்ஷில் ஓடும். காலிப்பரின் நேர்கோட்டைப் பிடித்து வைப்பது அதுதான். குட்டைப் பின் ரப்பர் புஷ்ஷில் ஓடும். சூட்டில் உலோகம் விரிவதற்கு இடம் கொடுப்பது அதன் வேலை. இரண்டையும் இடம் மாற்றிப் போட முடியாது, போடவும் கூடாது.

இரண்டாவது, லிவர் பேரிங். நம் பட்டறைகளில் பூஸ்டர் என்று சொல்கிறோமே, அந்தக் காற்றுச் சேம்பரின் தண்டு காலிப்பருக்குள் இருக்கும் ஒரு லிவரைத் தள்ளுகிறது. லிவரின் அடிப்பாகம் மையம் விலகிய வளைவாகக் கடையப்பட்டிருக்கும். அந்த வளைவுக்கும் காலிப்பர் உடலுக்கும் நடுவே ஷெல் என்ற அரைவட்டக் கூட்டில் அடுக்கிய நீடில் ரோலர்கள் உட்கார்ந்திருக்கும். லிவர் திரும்பினால் பிரிட்ஜ் என்ற குறுக்குப் பாகம் முன்னே போகும், பிரிட்ஜிலிருக்கும் இரண்டு டாப்பெட்டுகளும் பேடைத் தள்ளும்.

இந்த ரோலர்கள் தாங்கும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 சதுர அங்குலச் சேம்பர் என்றால் சுமார் 155 சதுர சென்டிமீட்டர். 8 பார் அழுத்தத்தில் தண்டு தள்ளும் விசை ஏறத்தாழ 12 கிலோ நியூட்டன், நம் பேச்சில் 1,200 கிலோவுக்கு மேல். லிவர் அதைப் பதினைந்து மடங்கு போலப் பெருக்குகிறது. அதாவது முழு பிரேக்கில் பதினெட்டு டன்னுக்குப் பக்கமான சுமை அந்தச் சின்ன உருளைகளின்மேல் ஏறி இறங்குகிறது.

ஏன் கெட்டுப்போகிறது

சக்கர பேரிங் முழுச் சுற்று சுற்றுவதால் கிரீஸ் திரும்பத் திரும்பப் பரவிக்கொண்டே இருக்கும். லிவர் பேரிங்குக்கு அந்த வசதி இல்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, அவ்வளவுதான் அதன் ஓட்டம். அழுத்தம் விழும் இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கிப் போகும், திரும்பி வர வழி குறைவு. காலப்போக்கில் ஒவ்வொரு ரோலரும் தான் இருக்கும் இடத்திலேயே ஒரு பள்ளம் போட்டுக்கொள்ளும். பழைய ஷெல்லைத் துடைத்துவிட்டு விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், சீப்புப் பல்லைத் தடவியதுபோல் டக் டக்கென்று தட்டும். அந்த நிலைக்கு வந்த ஷெல் எத்தனை கிரீஸ் வைத்தாலும் சரிவராது.

இது மெதுவாக நடக்கும் தேய்மானம். தண்ணீர் புகுந்தால் எல்லாம் வேகமாக முடிந்துவிடும். அது புகும் வழிகள் நான்கைந்துதான்: டாப்பெட் பூட் கிழிசல், பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் முனைமூடி விழுந்துபோவது, கைடு பின் பூட் அல்லது பின்மூடி, சேம்பர் உட்காரும் முகப்பு. பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும்போது நாசிலைக் காலிப்பருக்கு நேராகப் பிடிப்பது, நல்ல பூட்டின் விளிம்பையும் தூக்கிவிடும். கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் கைடு பின்தான் முதலில் மாட்டிக்கொள்கிறது, உப்புக் காற்று அதைச் சும்மா விடாது.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

உள் பேட் மெலிந்து, வெளி பேட் தடிமனாக இருந்தால் காலிப்பர் வழுக்கவில்லை, கைடு பின்னைப் பாருங்கள். ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால் கைடு புஷ் ஆட்டம், அல்லது இரண்டு டாப்பெட்டும் சமமாகத் தள்ளவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில், பிரேக் மிதிக்காதபோது லொடலொடவென்று சத்தம், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் அநேகமாகப் புஷ் தேய்ந்திருக்கிறது. பிரேக்கை விட்டபிறகும் சக்கரம் இழுத்துப் பிடித்தால், காற்றுப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு லிவர் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். தோப்பூர் கணவாய் மாதிரி நீண்ட இறக்கத்தில் இறங்கி வந்ததும், இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஒரே ஆக்சிலின் இடது, வலது டிஸ்க்குகள் இரண்டிலும் காட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கதை சொல்லும். கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வேலைக்கு முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது, ஸ்டாண்ட் கொடுங்கள். ஸ்பிரிங் பிரேக் (காற்று இறங்கினால் ஸ்பிரிங் விசையில் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்) உள்ள ஆக்சிலென்றால், ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக் காற்று இருக்கும்போதே பூஸ்டரின் ரிலீஸ் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைப் பூட்டிவிடுங்கள். அதன் பிறகுதான் டேங்கிலிருந்து காற்றை இறக்க வேண்டும். ஸ்பிரிங் சேம்பரின் பட்டியை எந்தக் காரணத்துக்கும் கழற்றாதீர்கள். உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், முகக்கவசம் போடுங்கள். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பர்மேல் படக்கூடாது. பட்ட ரப்பர் ஊதிப்போகும், கொஞ்ச நாளில் கிழியும்.

பிரிக்காமல் செய்யும் சோதனை

சக்கரம் கழன்றதும் பேடுகளை எடுப்பதற்கு முன் காலிப்பரை இரு கைகளாலும் பிடித்து, உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். கை பலத்திலேயே அந்தச் சின்ன இடைவெளிக்கு அசைய வேண்டும். பேடுகளை எடுத்துவிட்டு முழு நீளத்துக்கும் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கனமாகப் பிடித்தால் அந்த இடத்தில் பின்னில் துரு வளையம் இருக்கிறது என்று அர்த்தம். விரலை கேரியருக்கும் காலிப்பருக்கும் நடுவே வைக்காதீர்கள், நாற்பது கிலோவுக்குப் பக்கமான இரும்பு அது.

அடுத்தது அட்ஜஸ்டர். இதற்குப் பேடுகள் மாட்டியிருக்க வேண்டும், டேங்கில் காற்றும் இருக்க வேண்டும். நார்-பிரெம்ஸ் வகையில் அட்ஜஸ்டர் முனைமேல் ஷியர் அடாப்டர் என்ற சின்னத் துண்டு இருக்கும். அதிக பலம் கொடுத்தால் தானே ஒடிந்து, உள்ளிருக்கும் பாகங்களைக் காப்பாற்றும். அதை எடுத்துவிட்டு நேராக முனையில் ஸ்பேனர் போடுவது பெரிய தவறு. ரிங் ஸ்பேனரை மாட்டி, இடஞ்சுழியாக மூன்று கிளிக் பின்னே எடுங்கள். ஸ்பேனரை அப்படியே விட்டு, உதவியாளரை விட்டு சுமார் 2 பார் அழுத்தத்தில் ஐந்து முதல் பத்து முறை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஸ்பேனர் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வலஞ்சுழியாக நகர வேண்டும். முதல் சில மிதிகளில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் நகரும். நகரவே இல்லை, அல்லது முன்னே போய்ப் பின்னே வருகிறது என்றால் உள் பாகம் கெட்டிருக்கிறது. அடாப்டர் ஒடிந்தால் புதிதாக ஒன்று போட்டு இன்னொரு முறை முயலலாம். அதுவும் ஒடிந்தால் காலிப்பரை மாற்ற வேண்டியதுதான்.

பிறகு ரப்பர். பேடுகளை எடுத்துவிட்டு, டாப்பெட்டுகளை அட்ஜஸ்டரால் சுமார் 30 மி.மீ. வரை வெளியே கொண்டுவந்து, பூட்டின் ஒவ்வொரு மடிப்பையும் விளக்கடித்துப் பாருங்கள். கடைசி வரை திருகிவிடாதீர்கள், டாப்பெட் கழன்றுவிட்டால் வேலை வேறாகிவிடும். பூட் கிழிந்திருந்து உள்ளே துரு தெரியாவிட்டால் பூட்டை மட்டும் மாற்றலாம். துரு தெரிந்தால் பூட்டை மாற்றிப் பயனில்லை, தண்ணீர் பேரிங் வரை போயிருக்கும்.

கையோடு டிஸ்க்கையும் அளந்துவிடுங்கள். எஸ்என்7 வகையில் புது டிஸ்க் 45 மி.மீ., எறிய வேண்டிய அளவு 37 மி.மீ. பேடில் உராய்வுப் பொருள் 2 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது.

கைடு பின் புஷ் மாற்றுதல்

பட்டறையில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை இது. வண்டியின் வகைக்கான கைடு பின் கிட் வாங்குங்கள். பின், புஷ், பூட், போல்ட், மூடி, கிரீஸ் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். போல்ட்டைப் பழசு போடுவதும், கிரீஸுக்குப் பதில் கடையில் இருக்கும் சக்கர கிரீஸை அப்புவதும் வேண்டாம்.

பூஸ்டரைக் கழற்றித் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். கைடு பின்மூடிகளைக் குத்தி நெம்பி எடுங்கள். உள்ளிருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றியதும் காலிப்பர் கேரியரை விட்டு வந்துவிடும், அதற்கு முன்பே செயின் புல்லியில் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் வைத்து, பூட்டுகளை எடுத்துவிட்டு பின்களை உருவுங்கள். வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் சுத்தியலால் நேராக அடிக்காமல் புல்லர் போடுங்கள். அடித்தால் துளையின் வாய் பிதுங்கிப்போய் புது புஷ் நேராக உட்காராது.

பழைய புஷ்களை இழுத்து எடுத்ததும் துளையைச் சுத்தம் செய்வதில் அவசரப்படாதீர்கள். நான் கூடுதலாக நேரம் செலவழிப்பது இங்கேதான். வயர் பிரஷால் துருவை எடுத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. முக்கியமாகப் பூட் உட்காரும் பள்ளம். அங்கே ஒரு துருத்துணுக்கு இருந்தாலும் ரப்பரின் விளிம்பு அந்த இடத்தில் தூக்கி நிற்கும், தண்ணீருக்கு அது போதும். துளையே பள்ளம் விழுந்து அரித்துப்போயிருந்தால் அந்தக் காலிப்பரை ஒதுக்கிவிடுங்கள்.

பித்தளை புஷ்ஷை திருகு அழுத்தியால் நேராக இழுத்து உட்கார வையுங்கள். சில வகைகளில் உட்கார்ந்தபின் அது நகராமலிருக்க அதற்கான கருவியால் ஓரத்தில் பதிவு அடிக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். ரப்பர் புஷ்ஷைக் கையாலேயே அமுக்கி, அவரை விதை வடிவில் மடித்து உள்ளே விட்டால் தன் பள்ளத்தில் விரிந்து உட்காரும். அதன் உள்பக்க வரிகளில் கிட்டில் வந்த கிரீஸை நிரப்புங்கள்.

பின்களைச் செருகி, பூட்டின் இரு முனைகளும் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலை வளையமாக ஓட்டிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. பின்னை முன்னும் பின்னும் சில முறை தள்ளி, பூட்டின் விளிம்பைச் சற்றே தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிடுங்கள். காற்று அடைபட்டால் பூட் பலூன் மாதிரி உப்பி, காலிப்பரைத் திருப்பித் தள்ளும்.

கேரியரில் ஏற்றி முதலில் நீளப் பின், அப்புறம் குட்டைப் பின். எஸ்பி, எஸ்என் வகை எம்16 போல்ட்டுகளுக்கு 180 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 பாகை திருப்பு. வேறு வகையென்றால் அந்த வண்டியின் கையேட்டு அளவைத்தான் போட வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். முடித்ததும் காலிப்பர் ஒரு கைத் தள்ளலுக்கு முழு நீளமும் வழுக்க வேண்டும். புது மூடிகளைத் தட்டி உட்கார வையுங்கள்.

லிவர் பேரிங்: பிரிக்கலாமா?

நார்-பிரெம்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் உள் பாகங்களைப் பிரிக்கக்கூடாது என்றும், கெட்டால் காலிப்பரையே மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சந்தையில் லிவர், நீடில் பேரிங், டாப்பெட் எல்லாம் அடங்கிய கிட்டுகள் கிடைக்கின்றன என்பதும் உண்மை. ஐம்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடும் பஸ்ஸின் முன் ஆக்சிலென்றால் நான் பிரிப்பதில்லை, புதியதோ தயாரிப்பாளரே புதுப்பித்துத் தரும் மாற்றுக் காலிப்பரோ போடச் சொல்லிவிடுவேன். முதலாளி முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மற்றபடி பெஞ்சும் சரியான கருவிகளும் பழகிய கையும் இருக்கிறவர்களுக்காக, வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன்.

காலிப்பரைப் பெஞ்சில் டிஸ்க் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். வெளிப்புறம் முழுவதும் கழுவிக் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். டாப்பெட்டுகளை முழுவதும் பின்னே இழுத்து, டாப்பெட் முகப்புகளையும் பூட்டுகளையும் எடுங்கள். மூடித்தகட்டின் திருகுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், உள்ளே ரிட்டர்ன் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். பிரிட்ஜை எடுப்பதற்கு முன் இரண்டு டாப்பெட் திருகுகளையும் இணைக்கும் செயினையும் பற்சக்கரங்களையும் ஒரு படம் எடுத்து, பெயிண்டில் அடையாளம் வையுங்கள். ஒரு பல் மாறினாலும் ஒரு டாப்பெட் முந்திக்கொள்ளும், பேட் ஆப்பாகத் தேயும்.

பிரிட்ஜோடு லிவரும் வரும். அரைவட்டப் பேரிங் இரண்டும் லிவரில் ஒட்டிக்கொண்டோ காலிப்பர் உடலிலோ இருக்கும். பேரிங்கை மாற்றுவது உறுதி, ஆகவே அதைவிட முக்கியமாக லிவரின் வளைவையும், உடலில் ஷெல் உட்காரும் இருக்கையையும் பாருங்கள். நகச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள். லிவரில் வரி விழுந்திருந்தால் லிவரும் சேர்ந்தே மாற வேண்டும். இருக்கையில் பள்ளமென்றால் காலிப்பர் முடிந்தது. எமரி போட்டுத் தேய்த்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விடும்.

புதிய ஷெல்லை அதன் இருக்கையில் வைக்கும்போது நிறுத்துமுனை சரியான பக்கம் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ரோலருக்கும் நடுவே கிரீஸ் போகும்படி விரலால் அழுத்திப் பூசுங்கள். அட்ஜஸ்டர் தண்டு, செயின், பிரிட்ஜ், ஸ்பிரிங் என்று எடுத்த வரிசைக்குத் தலைகீழாகப் போட்டு, மூடித்தகட்டுக்குப் பசை தடவி, திருகுகளை மறுபடி குறுக்காக இறுக்குங்கள். டாப்பெட் பூட்டுகள் கட்டாயம் புதியவை, அவற்றை அதற்கான அழுத்தியால் நேராக உள்ளே விடுங்கள். மூடும் முன் லிவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். எண்ணெயில் ஓடுவதுபோல் மெத்தென்று போய்வர வேண்டும்.

பூட்டி முடித்துச் சரிபார்த்தல்

பூஸ்டரின் தண்டு உட்காரும் லிவர்க் குழியில் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ் இங்கே கூடாது. பூஸ்டர் முகப்பின் சீல் கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். புது நட்டுகள் போட்டு இறுக்குங்கள், நார்-பிரெம்ஸ் அளவு 180 நியூட்டன் மீட்டர். பூஸ்டரில் கீழ்ப்பக்கம் வரும் வடிகால் துளையின் அடைப்பானை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றவை மூடியே இருக்கட்டும். பலர் எல்லாவற்றையும் மூடிவைத்து, உள்ளே தண்ணீர் தேங்க விட்டுவிடுகிறார்கள்.

பேடுகளை மாட்டி (எப்போதும் ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்தே), அட்ஜஸ்டரை வலஞ்சுழியாகத் திருப்பி, பேட் டிஸ்க்கைத் தொட்டதும் கையேட்டில் சொன்னபடி இரண்டு அல்லது மூன்று கிளிக் பின்னே எடுங்கள். பல முறை பிரேக் மிதித்துவிட்டு, டாப்பெட்டுக்கும் பேடின் முதுகுத் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் இரண்டு டாப்பெட்டிலும் அளவெடுங்கள். 0.6 முதல் 1.1 மி.மீ.க்குள் வர வேண்டும். இரண்டு டாப்பெட்டிலும் அளவு மாறி வந்தால் செயின் பல் தவறியிருக்கிறது, திரும்பப் பிரியுங்கள். அட்ஜஸ்டர் மூடியைப் புதிதாகப் போடுங்கள், அந்தச் சின்ன மூடியில்தான் பல காலிப்பர்களின் ஆயுள் இருக்கிறது.

பிரேக்கை விட்டதும் ஹப் கையால் சுழல வேண்டும். காற்றுக் கசிவு இல்லையென்று பார்த்தபிறகு, ஸ்பிரிங் பிரேக்கின் ரிலீஸ் போல்ட்டைத் திரும்ப எடுக்க மறக்காதீர்கள். அது மறந்துபோனால் அந்தச் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கே இருக்காது.

காலியாக ஒரு சுற்று ஓட்டி வந்து இரு பக்க டிஸ்க் சூட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். வண்டி முதல் டிரிப் போய்த் திரும்பியதும் மறுபடி அதே அளவை எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்தச் சக்கரத்தின் டயர் எப்போது கழன்றாலும், டயர் மாற்றும் நேரத்துக்குள் ஒரு டார்ச்சை அடித்து டாப்பெட் பூட்டுகளையும், கைடு பின் பூட்டுகளையும், அட்ஜஸ்டர் மூடியையும் பார்த்துவிடுங்கள்.